அடுத்தவர் எண்ணை அப்படியே போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைக் கணினியின் பிராசஸரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது ஆலை நிர்ணயித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பெருக்கெண் (அடிப்படைக் கடிகார வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 51, மின்னழுத்தம் 1.40 வோல்ட் என்று சொல்லி, பத்து நிமிடச் சோதனையில் கணினி நிற்காமல் ஓடினால் வேலை முடிந்தது என்றும் எழுதியிருந்தார்கள். விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் இதை அப்படியே போட்டுப் பார்ப்பார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி. ஆனாலும் இரண்டு பிராசஸர்கள் ஒரே மின்னழுத்தத்தில் ஒரே வேகத்தைத் தாங்குவதில்லை. ஒன்று 5.0 கிகாஹெர்ட்ஸை 1.22 வோல்ட்டில் தாங்கினால், இன்னொன்று 1.30 கேட்கும். ஆகவே பிறர் கொடுக்கும் எண் அவருடைய சில்லுக்கு மட்டுமே பொருந்தும். வாசகருக்குத் தேவை தன் சில்லுக்கான எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை.

முதலில் எந்த மதர்போர்டுப் பலகையில் செய்ய முடியும் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ள பிராசஸரும், இசட் வரிசைச் சிப்செட் (பலகையின் துணைச் சில்லு) உள்ள மதர்போர்டும் வேண்டும். பி660, பி760 பலகைகளில் மெமரியின் வேகத்தைக் கூட்டலாமே தவிர, பிராசஸரின் பெருக்கெண்ணைக் கூட்ட முடியாது. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆனால் ஏ320, ஏ520 பலகைகள் அதற்கு இடம் தருவதில்லை. கடையில் "எல்லாம் ஓடும் சார்" என்பார்கள். பெட்டியில் உள்ள சிப்செட் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. பிராசஸர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.0க்குப் போனால் வேகம் 11 சதவீதம் கூடும். அதற்காக 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் மின்திறன் சுமார் 34 சதவீதம் கூடிவிடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேறியாக வேண்டும். கையில் இருக்கும் சிறிய கூலரைக் கொண்டு சமாளிக்கலாம் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

நம் ஊரில் இந்த வெப்பம் தனிச்சிக்கல். வெளிநாட்டு யூடியூப் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரை உள்ள அறைகளில் நடப்பவை. 22 டிகிரி அறையில் முழுச் சுமையில் 82 டிகிரி காட்டும் பிராசஸர், அறையைவிட 60 டிகிரி கூடுதலாக இருக்கிறது. அதே கூலரும் அதே அமைப்பும் சித்திரை வெயிலில் 36 டிகிரி அறைக்கு வந்தால் 96ஐ ஒட்டி நிற்கும். மின்விசிறி மனிதருக்கு வியர்வையை ஆற்றித் தரும். அறைக் காற்றின் வெப்பத்தைக் குறைக்காது. மேசைக்குக் கீழே மர அலமாரிக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் பற்றி யோசிக்கும் முன் அதை வெளியே எடுக்க வேண்டும். வெப்பம் ஏறினால் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகி, அதே வேகத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். கசிவு மின்னோட்டமும் கூடும். மார்கழியில் நிலையாக ஓடிய அமைப்பு மே மாதத்தில் திடீரென்று நின்று நீலத்திரை காட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்டெல் ஐ5-12600கே பிராசஸரை எடுத்துக்கொண்டு முறையைச் சொல்கிறேன். இதில் கணக்குப் போடும் கோர்கள் பெரியவை, சிறியவை என இரு வகை. பெரிய கோர்கள் தானாக எட்டும் உச்ச (டர்போ) வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ், உச்ச மின்திறன் 150 வாட், வெப்ப வரம்பு 100 டிகிரி. பலகையின் அமைப்பு மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, எல்லா அமைப்புகளையும் ஆலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெமரியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் பிழை வரும்போது பிராசஸரா மெமரியா என்று தெரியாமல் திண்டாட வேண்டும். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, வேகச் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23ஐ அரை மணி நேரம் ஓட்டி, அறை வெப்பம், பிராசஸர் வெப்பம், மதிப்பெண் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆலை நிலையிலேயே 90 டிகிரியைத் தாண்டுகிறதா? கூலரையோ தெர்மல் பேஸ்டையோ மாற்றும்வரை மேலே போகாதீர்கள்.

பிறகு பெரிய கோர்களின் பெருக்கெண்ணை 47 என்றும் மின்னழுத்தத்தை 1.20 வோல்ட் என்றும் கையால் அமையுங்கள். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் இது 4.7 கிகாஹெர்ட்ஸ். அந்த 100ஐத் தொட வேண்டாம். சிறிய கோர்களையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மின்னழுத்தத்தை 'ஆட்டோ'வில் விட்டுப் பெருக்கெண்ணை மட்டும் ஏற்றுவது பலரும் செய்யும் தவறு. பலகை தன் பாதுகாப்புக்காகத் தேவைக்கு மேலேயே மின்னழுத்தத்தை ஊட்டும். சில பலகைகள் 1.40ஐயும் தாண்டும்.

லோட் லைன் என்ற அமைப்பைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. முழுச் சுமை ஏறும்போது நாம் அமைத்த மின்னழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கும். 1.28 அமைத்திருந்தால் சுமையில் 1.22 காட்டலாம். அந்த இறக்கத்தை ஈடுகட்டுவதுதான் லோட் லைன். அதை உச்சத்தில் வைத்தால் இறக்கம் மறையும். ஆனால் சுமை சட்டென விலகும் கணத்தில் மின்னழுத்தம் அமைத்த அளவுக்கு மேலே எகிறும். அந்த எகிறல் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடுவதால் மென்பொருளில் தெரியவே தெரியாது. நடு நிலையில் வைப்பதே நல்லது. ஏசஸ் பலகைகளில் எண் கூடக்கூட வலு கூடும். எம்எஸ்ஐ பலகைகளிலோ 1 என்பதுதான் மிக வலுவானது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் போட்டால் நேர் எதிராகிவிடும்.

இனி ஒவ்வொரு படியாக 48, 49, 50 என ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடட்டும். நின்றால் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுங்கள். காற்றுக் கூலர் வைத்திருப்பவர்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.30ஐ ஒட்டியே நின்றுவிடுவது நல்லது. 1.35க்கு மேல் போவது நம் கோடைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. 5.0 வரை எளிதாக வந்து, 5.1க்கு மட்டும் 0.06 வோல்ட் கூடுதலாகக் கேட்டால், 5.0லேயே இறங்கிக்கொள்ளுங்கள். அந்த 2 சதவீதத்தை விளையாட்டிலும் வேலையிலும் யாராலும் உணர முடியாது.

எண் கிடைத்த பிறகுதான் உண்மையான சோதனையே தொடங்குகிறது. சினிபெஞ்ச் வேகத்தை அளக்கும் கருவி. நிலைத்தன்மையை அளப்பதற்காக எழுதப்பட்டதல்ல. ஓசிசிடி, பிரைம்95 போன்ற சோதனை மென்பொருள்கள் தங்கள் கணக்கின் விடையைத் தாங்களே சரிபார்ப்பதால் பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிரைம்95இல் 'சிறிய எஃப்எஃப்டி' என்ற சோதனையை ஏவிஎக்ஸ் (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கட்டளைகள்) வசதியோடு ஓட்டினால் அன்றாட வேலை எதிலும் காணாத வெப்பம் வரும். கூலரின் எல்லையைப் பார்க்க 15 நிமிடம் போதும். நீண்ட சோதனையை ஏவிஎக்ஸ் அணைத்து இரவு முழுக்க ஓட விடலாம். ஓடும்போது கடிகார வேகத்தையும் கவனியுங்கள். 100 டிகிரியைத் தொட்டதும் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்துக்கொண்டு தேறியது தேர்ச்சியே இல்லை.

நீலத்திரை வராததால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 19 எண்ணுள்ள பதிவுகள் இருந்தால், வன்பொருள் பிழைகள் வந்து அவை திருத்தப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இன்று திருத்தியது நாளை திருத்த முடியாமல் போகும். உடனே மின்னழுத்தத்தை ஒரு படி கூட்டுங்கள், அல்லது பெருக்கெண்ணை ஒரு படி இறக்குங்கள். குளிர்காலத்தில் அமைப்பவர்கள் கோடைக்காக 0.02 வோல்ட்டாவது கூடுதலாக விட்டுவைக்க வேண்டும்.

பிராசஸர் நிலைத்த பிறகு எக்ஸ்எம்பியை இயக்கி, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிராசஸர் பிழை பெரும்பாலும் கணினியை நிறுத்திவிடுகிறது, நமக்குத் தெரிந்துவிடும். மெமரி பிழையோ சத்தமில்லாமல் கோப்பைச் சிதைக்கும். பில் போடும், கணக்கு வைக்கும் கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டினால் ஒற்றைக் கோரின் உச்ச வேகம் குறைந்து, பல வேலைகளில் நஷ்டமாகும். 5000, 7000 வரிசைகளில் மின்திறன் வரம்பைத் தளர்த்தும் பிபிஓவை இயக்கி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10 என்று தொடங்குங்கள். ஓர் எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். இங்கே பிழை பெரும்பாலும் முழுச் சுமையில் வராது. சும்மா இருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். கோர் சைக்ளர் என்ற மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். 2023இல் சில 7000 வரிசை எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகிய பிறகு, எஸ்ஓசி (பிராசஸரில் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி) மின்னழுத்தத்துக்கு 1.30 வோல்ட் வரம்பு வைத்துப் புதிய பயாஸ்கள் வந்தன. பழைய பயாஸோடு எக்ஸ்போவை (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் அமைப்பு) இயக்காதீர்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைப் பிராசஸர்களில் மிகை மின்னழுத்தத்தால் வந்த சீர்கேடு 2024இல் தெரிய வந்தது. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் அது வந்தது. 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

கரன்ட் போகும் நேரத்தில் கணினி அணைந்தால் ஓவர்கிளாக்கைத் திட்டுவதற்கு முன் யுபிஎஸைப் பாருங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். பிராசஸர் 180, கிராபிக்ஸ் கார்டு 200 வாட் இழுத்தாலே அது கை விரித்துவிடும்.

ஏற்றிய வேகத்தில் கணினி திரையே காட்டாமல் நின்றால் பதற வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பலகையில் பயாஸ் அமைப்புகளை அழிக்கும் கிளியர் சிமாஸ் முனைகளைச் சில நொடிகள் இணையுங்கள். அல்லது சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். ஆலை அமைப்பு திரும்பிவிடும். ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தை உத்தரவாதம் ஏற்பதில்லை என்பதையும் வீட்டில் பணம் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி இத்தகைய குறிப்பை வெளியிடும்போது அறை வெப்பம் எவ்வளவு, எந்தக் கூலர், எத்தனை மணி நேரச் சோதனை என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் வாசகர் ஒருவர்,
மதுரை.