ஆறு மணிக்கு மேல் வீங்கிய கண்

கோலாலம்பூரில் கண் இமை அறுவை செய்யும் கிளினிக் நடத்துவோருக்கு,

வணக்கம். செந்தூலில் இருக்கும் என் அக்காவுக்கு மேல் இமையில் தொங்கிய தோலைப் போன மாதம் எடுத்தார்கள். 56 வயதில் இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர் கண், அவர் காசு. அறுவையிலும் நான் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் அதற்கடுத்த சில மணி நேரத்தைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவு பதினொன்றுக்கு இடது கண் மட்டும் கறுத்து வீங்கியது. கையில் இருந்ததோ ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள். ‘வீக்கம் இயல்பு’ என்று போட்டிருந்தது. சரி, எவ்வளவு வீங்கினால் இயல்பு? கொடுத்த எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை; வாட்ஸ்அப்பில் தானாக ஒரு பதில் வந்தது, திங்கட்கிழமை வேலை நேரத்தில் அழைக்கவும் என்று.

அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கிருந்த இளம் டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடி விரலை எண்ணச் சொன்னார். வெறும் கன்றல்தான், பயமில்லை. அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசியுமாம், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். சுற்றிலும் எலும்பு, இரத்தம் போக வழியில்லாமல் பார்வை நரம்பை அழுத்தும். ஓரிரண்டு மணி நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை திரும்பாமலே போகலாம். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறுவது, கண் கல் மாதிரி இறுகி முன்னால் தள்ளுவது, பார்வை மங்குவது, இவைதான் அடையாளம். இது திங்கட்கிழமை வரை காத்திருக்குமா?

முன்கூட்டியே கேட்ட கேள்விகளும் அப்படித்தான். ‘மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?’ அக்கா இல்லை என்றார். தினமும் விழுங்கும் மீன் எண்ணெய் மாத்திரையை அவர் மருந்தாக நினைத்ததே இல்லை. இரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆஸ்பிரின், மீன் எண்ணெய், நாட்டு மருந்து.

முதல் சில நாட்கள் தூங்கும்போது இமை முழுதாக மூடவில்லை. கண் வறண்டு, மணல் விழுந்தது போல உறுத்தியது. அது பெரும்பாலும் தானே சரியாகும், சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் போதும் என்பது எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டம்மா சொன்னதைக் கேட்டு, கண்ணில் விட அக்கா விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தே விட்டார். கோல்ஃப் ஆடக்கூடாது என்று தாளில் இருந்தது! குனிந்து கோலம் போடலாமா, மை எப்போது வைக்கலாம், சாம்பிராணிப் புகை படலாமா? அதெல்லாம் இல்லை.

4,000 வெள்ளி வாங்குகிறீர்கள். முதல் இரவு ஒரு தாதி கூப்பிட்டு விசாரிக்கலாம். இரவிலும் மனிதர் எடுக்கும் எண் ஒன்று வேண்டும். தாள் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் வேண்டும்.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள், அக்கா நலம். முதல் இரவு அவசரப் பிரிவு டாக்டர் சொன்னதைத் தமிழில் அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் தருகிறேன்; உங்கள் டாக்டர் சரிபார்த்து அச்சடிக்கட்டும்.

இப்படிக்கு,
செந்தூல் அக்காவின் தம்பி