பழைய காருக்கு முரட்டு அப்சார்பர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் இளைஞர்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாத்தா ஓட்டிய காரை இரும்புக்கடையில் போடாமல் சீர்செய்து ஓட்டும் பிள்ளைகளைப் பாராட்டியிருந்தீர்கள். மனம் நிறைந்தது. ஆனால், பழைய அப்சார்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்போர்ட் வகை கேஸ் அப்சார்பரை மாட்டினால் கார் சொகுசாக ஓடும் என்று நடுவில் ஒரு வரி இருந்தது. தோட்டப் பட்டறையில் லாரி, டிராக்டர், துரை (மேலாளர்) கார், கிராணி (எழுத்தர்) கார் என்று எல்லாவற்றின் அடியிலும் படுத்து வேலை பார்த்தவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதுதான் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் மென்மையாக இருந்து அப்சார்பர் மட்டும் முரடாக இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கவும் தயங்கும், மேட்டில் ஏறவும் தயங்கும். அந்த அடி முழுவதும் உட்கார்ந்திருப்பவர் இடுப்புக்குத்தான் போகும்.

அண்மையில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பையன் மோரிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேயச் சிறு காரைக் கொண்டுவந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவரின் பேரன். பின் சீட்டில் பாட்டி. "தம்பி, அவங்க ஓட்டுனப்ப இப்படித் தூக்கித் தூக்கிப் போட்டதே இல்லையே" என்றார். பார்த்தால், பின்பக்கம் ஒரு கடையில் புது அப்சார்பர் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பந்தயக் காருக்கு ஏற்ற முரட்டுச் சாமான். அதையும் ஏறக்குறையப் படுக்க வைத்தாற்போல் சாய்த்து மாட்டியிருந்தார்கள். அப்சார்பர் சாயச் சாயச் சக்கரத்தில் அதன் பிடி குறையும். 45 டிகிரி சாய்ந்தால் பாதிதான் மிஞ்சும். இதை ஈடுகட்ட இன்னும் முரடானதைப் போடுவதை விட, மாட்டும் இடத்தைச் சரிசெய்வதே முறை.

அப்சார்பரைத் தொடுவதற்கு முன் நான் பார்த்தது டயரை. காற்றழுத்தம் 35 psi இருந்தது. அந்தக் காருக்குக் கையேட்டில் சொன்னது 22-ஐ ஒட்டித்தான். ரேடியல் டயருக்குக் கொஞ்சம் கூட்டலாம், 35 எதற்கு? அடுத்தது பின்பக்க லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பட்டைகள் வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். இதையெல்லாம் விட்டுவிட்டு அப்சார்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மோரிஸ் மைனரின் முன்பக்கம் தனிக்கதை. 1948-இல் வந்த நாள்முதல் அதற்கு லீவர் அப்சார்பர்தான்: ஒரு வார்ப்பு உலோகக் கூடு, உள்ளே பிஸ்டனும் எண்ணெயும், வெளியே ஆடும் ஒரு கை. அந்தக் கைதான் சக்கரத்தின் மேல்முனையையே பிடித்திருக்கிறது. 'பழசு, வீசிடு' என்று சொல்பவர்களுக்கு இது தெரியாது. வீசிவிட்டால் சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒன்றும் இருக்காது. நீளக் குழாய் வடிவில் வரும் இன்றைய அப்சார்பரை, அதாவது குழாய் அப்சார்பரை, மாட்டும் கிட்டிலும் (உதிரிபாகத் தொகுப்பிலும்) பெரும்பாலும் இந்தப் பழைய கையை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் சொல்வார்கள்.

அதைக் காப்பாற்றுவது கஷ்டமான வேலையும் இல்லை. கழற்றி வைஸில் (பட்டறை இடுக்கியில்) பிடித்து, மேல்மூடித் திருகைச் சுற்றியுள்ள மண்ணை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு துளி மணல் உள்ளே விழுந்தாலும் வால்வு கெட்டுவிடும். பிறகு எண்ணெயை ஊற்றி, கையை முழு தூரமும் மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். தொடக்கத்தில் கை கொஞ்ச தூரம் வெறுமனே விழும். அது உள்ளே நிற்கும் காற்று. குமிழி மேலே வரும், எண்ணெய் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடையில் எங்கும் தளராமல் கை ஒரே சீராகக் கனத்தால் வேலை முடிந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் 20 நம்பர் ஃபோர்க் ஆயில் இதற்குப் பொருந்தும். பிரேக் ஆயில் கூடவே கூடாது. கை பொருந்தும் தண்டின் ஓரத்தில் கசிவு இருந்தால் எத்தனை முறை ஊற்றினாலும் நிற்காது. புஷ்ஷும் சீலும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து ரிகண்டிஷன் செய்ததை வரவழைக்கலாம்.

குழாய் அப்சார்பர் உள்ள கார்களுக்கு என் தேர்வு ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய் உள்ள இரட்டைக் குழாய் வகை. நகர்ச் சாலையில் மட்டும் ஓடும் கார் என்றால் வெறும் எண்ணெய் அப்சார்பரே போதும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், அலை அலையாக எழும்பிய மேட்டில் நெடுநேரம் ஓடினால், எண்ணெய் சூடாகி நுரைத்துப் பிடி விட்டுப்போகும். அங்கே குறைந்த அழுத்த நைட்ரஜன் நிரப்பியது நல்லது. ஒற்றைக் குழாய், அதிக அழுத்த கேஸ் வகை வேறு ரகம். அந்த அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், எடை குறைந்த சிறு கார் கொஞ்சம் எழும்பியே நிற்கும். கனமான மெர்சிடிஸில் அது அழகாக வேலை செய்யும், நானே மாட்டியிருக்கிறேன். மைனருக்கும் டட்சன் 120ஒய்க்கும் நான் போட மாட்டேன். டட்சனின் முன்பக்க ஸ்டரட்டில் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த காலில்) மேல் நட்டைக் கழற்றி உள்கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். சூடு வெளியேற அதைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற மறக்கக் கூடாது. இந்த வேலைக்குச் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங்கை அமுக்கி வைக்க வேண்டும், அது விடுபட்டால் ஆளையே கொல்லும். அதற்குரிய கருவி இல்லாதவர் அந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பணம் உள்ளவர்கள் கோனி நிறுவன அப்சார்பர் வாங்கலாம். அதன் பழைய வகையில், கழற்றி முழுக்க அமுக்கித் திருப்பி, ஸ்பிரிங் விரியும்போது உள்ள தடையைக் கூட்டலாம். மிக மென்மையான நிலையில் தொடங்கி, கார் மிதப்பதுபோல் தோன்றினால் மட்டும் ஏற்றுங்கள். எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு முறை, முழுக்க அமுங்கிய நிலையில் ஒரு முறை நீளத்தை அளந்த பிறகே கடைக்குப் போங்கள். அப்சார்பர் முட்டுவதற்கு முன் ரப்பர் முட்டுக்கட்டை முட்ட வேண்டும். ரப்பர் புஷ் நட்டுகளைக் கார் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு பதிப்பில் ஒரு திருத்தம் போடும்படி வேண்டுகிறேன். லீவர் அப்சார்பரை ஏற்கெனவே கழற்றிவிட்டவர்கள் அதை எடைக்குப் போட வேண்டாம். சுங்கை சிப்புட் பக்கம் உள்ள பிள்ளைகள் கொண்டுவந்தால் வைஸில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், பெரும்பாலானவை தேறும்.

இப்படிக்கு,
தோட்டப் பட்டறை முன்னாள் மெக்கானிக்,
சுங்கை சிப்புட், பேராக்