தந்தையாரின் நோய்க்காலத்தில் உடனிருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

எங்கள் தந்தையார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையான நாள்முதல் அவர் எங்களை விட்டுப் பிரிந்த நாள்வரை எங்கள் வீட்டுக்கு வந்து பணிசெய்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். அடக்க ஆராதனையின் முடிவில் சொன்ன இரண்டு வரி நன்றி போதாது என்று அம்மா கருதினார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பெயர்களைக் குறிப்பிட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டிருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து அப்பாவை அழைத்துவந்தபோது அவருடைய வலப்பக்கம் செயலிழந்திருந்தது, பேச்சும் போய்விட்டது. அவரை எப்படித் தூக்குவது, எப்படித் திருப்புவது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. செவிலியராகப் பணிபுரியும் சகோதரியே, இரவுப் பணி முடிந்த களைப்போடு நீங்கள் நேரே எங்களிடம் வந்தீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதையும், குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் பெரும்பாலும் தலைகாட்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தீர்கள். நிறம் மாறிய தோலை அழுத்திப் பார்த்து, அழுத்தியும் அது வெளிறவில்லை என்றால் புண் உண்டாகத் தொடங்கிவிட்டது என்பதை அம்மாவின் விரலைப் பிடித்து வைத்தே விளக்கினீர்கள். உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது, இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும் என்று நீங்கள் எச்சரித்ததை நாங்கள் ஒருநாளும் மறக்கவில்லை. அப்பாவின் உடலில் கடைசிவரை ஒரு புண்கூட வரவில்லை. அதற்கு நீங்களே காரணம் என்பதை மருத்துவரிடமும் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம்.

இரவுகளில் விழித்திருந்த சகோதரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. “ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்” என்று அன்போடு சொன்னவர்கள் அநேகர்; அவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நோயாளியோடு இரவும் பகலும் போராடுகிறவர்களுக்கு, எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிப்பதற்குக்கூடத் தெம்பு இருப்பதில்லை. நீங்களோ எங்களைக் கேட்கவைக்கவில்லை. “செவ்வாய் இரவு நான் வருகிறேன், வெள்ளி இரவு இவர் வருவார், நீங்கள் தூங்குங்கள்” என்று உங்களுக்குள்ளேயே முறைபோட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். அந்த இரவுகளில் உறங்கியதால்தான் அம்மா நோயில் விழாமல் தப்பினார் என்பது எங்கள் உறுதியான எண்ணம். முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள் வருவது இயல்பு. மாதங்கள் கடந்து, விசாரிப்பவர்கள் குறைந்துபோன பிறகும் முறை தவறாமல் வாசலில் வந்து நின்றவர்கள் நீங்கள்.

காப்பீட்டுப் படிவங்களையும் மருத்துவ ரசீதுகளையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்த கணக்காளர் சகோதரருக்கும், எந்த மருந்தை எந்த வேளையில் கொடுப்பது என்பதைப் பெரிய எழுத்தில் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், சக்கர நாற்காலி வாசற்படி ஏறுவதற்குப் பலகையில் சாய்தளம் செய்துகொடுத்த தச்சருக்கும் எங்கள் நன்றி.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். எங்கள் அப்பா நெடுங்காலமாக ஆலயத்துக்கு வராதவர். பழைய மனத்தாங்கல் ஒன்று அவருக்கு இருந்தது; சபையின் மூத்தவர்கள் பலருக்கு அது தெரியும். நோயில் கிடக்கும் மனிதரிடம் அதைக் கிளறுவதும், “இப்போதாவது மனந்திரும்புங்கள்” என்று அவருடைய இயலாமையைச் சாதகமாக்கிக்கொள்வதும் எளிதாக இருந்திருக்கும். உங்களில் ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. இந்த நோய் ஏன் வந்தது என்று எங்களுக்கு விளக்கம் சொல்லவும் யாரும் முற்படவில்லை. வாரந்தோறும் வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிட்ட சகோதரர், அசைவற்ற பக்கத்துக் கன்னத்தை ஒரு கையால் மெதுவாக இழுத்துப் பிடித்து, மறு கையால் கத்தியை ஓட்டி, முடிந்ததும் கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டுவார். அப்பா நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகுதான் துண்டை மடிப்பார். பேச முடியாத ஒருவரிடமும் சம்மதம் கேட்ட அந்தப் பண்பு, அப்பாவுக்கு அவருடைய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது. மாலையில் வந்து செய்தித்தாள் வாசித்துக்காட்டிய கல்லூரி மாணவன், ஒருநாள் தயங்கித் தயங்கி, வேதாகமத்திலிருந்து சங்கீதம் ஒன்றை வாசிக்கட்டுமா என்று கேட்டான். அப்பா இடக்கையை உயர்த்திச் சம்மதித்தார். பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாதேயும் என்ற மன்றாட்டு வரும் 71ஆம் சங்கீதத்தை அவன் வாசித்து முடித்ததும், அதே கையால் இன்னொருமுறை என்று சைகை காட்டினார். அவருடைய உள்ளத்தில் என்ன நடந்தது என்பதைக் கர்த்தர் அறிவார். அதை நாங்கள் சாட்சியாக்கிச் சொல்ல விரும்பவில்லை.

உங்களுக்கு நன்றி சொன்னபோதெல்லாம், “அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டோம், ஊழியக்காரர்களா நாங்கள்?” என்றே மறுமொழி சொன்னீர்கள். இதை மட்டும் எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எருசலேம் சபையில் விதவைகளின் அன்றாடப் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொண்டபோது, அவர்கள் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்கவேண்டும் என்று அப்போஸ்தலர்கள் கேட்டார்கள். கைகளை வைத்து ஜெபித்தே அவர்களை நியமித்தார்கள். உணவு பரிமாறும் வேலைக்கு அத்தனை தகுதி கேட்ட சபையின் வழிவந்தவர்கள் நாம். ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் 20க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்தும் பவுல், ரூபுவின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார். அந்தப் பெண்மணியின் பெயரும் அதில் இல்லை, அவர் செய்தது இன்னதென்றும் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்றோரைத் தொட்டுப் பராமரித்து, அதனாலேயே உயிர்துறந்த விசுவாசிகளைப்பற்றி அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனீசியு ஒரு மடலில் எழுதிவைத்தார்; குருக்களோடும் உதவிக்குருக்களோடும் பொதுமக்களும் அவர்களில் இருந்தார்கள். நீங்கள் செய்த ஊழியம் அந்த வரிசையைச் சேர்ந்தது என்று நாங்கள் நம்புகிறோம்.

போதகர் ஐயா அவர்களுக்கும் நன்றி. தாம் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க நினைக்காமல், விசுவாசிகளை நம்பி இந்தப் பொறுப்பை ஒப்படைத்து, வாரம் ஒருமுறை அமைதியாக வந்து ஜெபித்துவிட்டுப் போனார். பரிசோதனை எத்தனை மணிக்கு என்று கேட்டறிந்து, அதே நேரத்தில் தங்கள் வீடுகளில் முழங்காலில் நின்ற முதிய தாய்மார்களையும் அன்போடு நினைக்கிறோம்.

அப்பா பயன்படுத்திய காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் சாய்தளப் பலகையும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படுகிற குடும்பம் எதுவாயினும், எந்த மதத்தைச் சேர்ந்ததாயினும், எங்களிடம் தெரிவித்தால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்போம். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைச் சொல்லித்தர அம்மா ஆயத்தமாக இருக்கிறார். இரவு முறைப் பட்டியலில் என் பெயரையும் என் தம்பியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்; சனிக்கிழமை இரவுகள் எங்களுக்கு வசதியாக இருக்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரியும் குடும்பத்தாரும்