பட்டைக் கேபிள் ஒன்றுக்காகப் போர்டையே மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டி.வி.யில் பாதித் திரை இருண்டு கிடக்கிறது. பிரிண்டர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. மைக்ரோவேவ் அடுப்பில் நான்கு பட்டன்கள் மட்டும் வேலை செய்வதில்லை. இப்படிக் கடைக்கு வரும் சாதனங்கள் பலவற்றில் பழுது போர்டில் இருப்பதில்லை. இரண்டு போர்டுகளை இணைக்கும் மெல்லிய பட்டைக் கேபிளிலோ, அது செருகப்படும் கனெக்டரிலோ இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லப்படுவது என்னவோ "போர்டு போய்விட்டது" என்பதுதான். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகிறது, அல்லது நல்ல சாதனம் பழைய இரும்புக்குப் போகிறது. இன்னொரு பக்கம், தப்பான முறையில் கேபிளைச் சரிசெய்யப் போய் நன்றாக இருந்த போர்டையும் எரித்துவிடுவது நடக்கிறது. இரண்டையும் தவிர்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் எந்தக் கேபிள் என்று இனம் காண வேண்டும். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருந்து, நுனியில் நீலப் பட்டை ஒட்டியிருப்பது பாலியஸ்டர் கேபிள். இரண்டு பாலியஸ்டர் தாள்களுக்கு நடுவே தகர (டின்) முலாமிட்ட தட்டைச் செப்புக் கம்பிகள் ஓடும். தேன் நிறத்தில் இருப்பது பாலிஇமைடு. இது சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தல்) சூட்டைத் தாங்கும். மூன்றாவது, பட்டன் பலகையிலிருந்து வால் போல நீளும் தாள். அதில் செப்பே கிடையாது, வெள்ளி மையால் அச்சடித்த கோடுகள்தாம் மின்சாரத்தைக் கடத்துகின்றன. அதன்மேல் சால்டரிங் அயனை வைத்தால் அந்த நொடியே தாள் சுருங்கிக் கோடு காணாமல் போகும்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. டி.வி.யின் பவர் போர்டில் உள்ள பெரிய கன்டென்சரில், பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பத்து நிமிடம் விட்டு, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். லேப்டாப் என்றால் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பது சுமார் 2000 வோல்ட்டைத் தாங்கும் கன்டென்சர். அடுப்பின் வெளிக்கூட்டைப் பயிற்சி இல்லாதவர்கள் திறக்கவே கூடாது. இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை.

இனி கழற்றும் விதம். பட்டைக் கேபிள்களில் பெரும் சேதம் நடப்பது இந்த இடத்தில்தான். கனெக்டரில் லாக் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறுப்பு அல்லது பழுப்பு மூடியை நகத்தால் நெம்பினால் கதவு போல எழும்புவது ஒரு வகை. இரு ஓரங்களிலும் உள்ள காதுகளை ஒரே அளவில் சிறிது வெளியே நகர்த்த வேண்டியது இன்னொரு வகை. ஒரு காதை மட்டும் இழுத்தால் அது முறிந்து கையோடு வந்துவிடும். லாக்கே இல்லாத வகையில் நீலப் பட்டையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், இடவலமாக ஆட்டக் கூடாது. கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து, கேபிளின் ஒரு முனையில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

அடுத்து சோதனை. கம்பிக்குக் கம்பி (மையத்திலிருந்து மையத்துக்கு) 0.5 மி.மீ. இடைவெளியுள்ள கேபிளுக்கு மீட்டரின் தொடுமுள் தடிமனானது. தையல் ஊசி ஒன்றை அதன் நுனியில் சேர்த்துக் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு கம்பியாகத் தொடலாம். செப்புக் கம்பி என்றால் முனைக்கு முனை ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பக்கத்துக் கம்பிகளுக்கிடையே எதுவும் காட்டக் கூடாது. கேபிளை மேசைமேல் கிடத்தி மட்டும் அளந்தால் போதாது. அது சாதனத்துக்குள் எங்கே மடிகிறதோ அங்கே மெல்ல வளைத்துக்கொண்டே அளக்க வேண்டும். கிடத்தினால் ஒட்டிக்கொண்டும் வளைத்தால் விலகியும் நிற்கும் விரிசல்தான் ஆளை ஏமாற்றுவது. பிரிண்டரின் ஹெட் (மை தெளிக்கும் பகுதி) ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்றால், அந்த இடத்தில் கேபிள் எங்கே வளைந்திருக்கிறது என்று பாருங்கள். விரிசல் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

டி.வி.யில் திரையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். டி-கான் போர்டிலிருந்து (படச் சிக்னலைத் திரைக்கேற்ப மாற்றிக் கொடுக்கும் சிறு போர்டு) பேனலுக்கு, அதாவது திரைக்கு, இரண்டு பட்டைகள் போகும் மாடல்களில், ஒன்று கெட்டால் பாதித் திரை போகும். மெயின் போர்டிலிருந்து டி-கானுக்குப் படச் சிக்னலைக் கொண்டுவரும் எல்.வி.டி.எஸ். கேபிளில் கோளாறென்றால் திரை முழுவதும் நிறம் மாறும், புள்ளிகள் மின்னும், கேபிளைத் தொட்டால் படம் மாறும். ஆனால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு மெல்லிய கோடு நிலையாக நிற்கிறதென்றால், அது பெரும்பாலும் பேனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிப் பதித்த ஃபிலிமின் கோளாறு. அந்த ஃபிலிம், கடத்தும் பசையை வைத்துச் சூட்டோடு அழுத்தி ஒட்டப்பட்டது. அதற்கென்று பாண்டிங் மெஷின் வேண்டும், சாதாரண சால்டரிங் அயனால் முடியாது. ஃபிரேமுக்கு அடியில் ரப்பர்த் துண்டு வைத்து அழுத்தினால் கோடு மறையும், சில வாரங்களில் திரும்பி வரும். அதைச் செய்துவிட்டு முழு வேலைக்கான கூலி வாங்குவது நியாயமில்லை.

கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தால் முனையையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் முனை மங்கிக் கறுத்துவிடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் நீளவாக்கில் துடைத்தாலே போதும். உப்புத்தாள் போடக் கூடாது. முலாம் மிக மெல்லியது, அது தேய்ந்தால் அடியிலுள்ள செம்பு சீக்கிரம் கறுத்துப்போகும். பென்சில் அழிப்பானையும் கடைசி வழியாக, ஒரு முறை லேசாகத் தடவுவதோடு நிறுத்த வேண்டும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. தின்னர் வேண்டாம், பசையையும் கனெக்டரின் பிளாஸ்டிக்கையும் அது தின்றுவிடும். சூப்பர் குளூவைக் கனெக்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி முனைகளின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும்.

பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது கனெக்டரின் பின்களுக்கு (தொடு ஊசிகளுக்கு) இடையே தலைமுடியைவிட மெல்லிய வெள்ளிநிற இழைகள் தெரிந்தால் அது தூசி என்று விட்டுவிட வேண்டாம். தகர முலாமிலிருந்து தானே வளரும் உலோக இழை அது. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்து, ஈயம் கலக்காத முலாம் பரவிய பிறகு இந்தத் தொல்லை கூடியது. கனெக்டரின் பின்கள் கேபிளை அழுத்தும் இடத்தில்தான் இது அதிகம் முளைக்கும். 0.5 மி.மீ. இடைவெளிக் கேபிளில் இரண்டு கம்பிகளின் விளிம்புகளுக்கு நடுவே இருப்பது சுமார் 0.2 மி.மீ. மட்டுமே, ஓர் இழை வளர்ந்தால் ஷார்ட். ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் நீக்கிவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் தங்க முலாம் போட்ட முனையுள்ள கேபிளும் அதற்கேற்ற கனெக்டரும் போடுவதே தீர்வு.

கேபிள் உடைந்திருந்தால் மாற்றுவதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். கடையில் கேட்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கேபிளின்மேல் "ஏ.டபிள்யூ.எம். 20624, 80 சி, 60 வி" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து "20624 கேபிள் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அது பார்ட் நம்பர் அல்ல. 80 டிகிரி, 60 வோல்ட் வரை தாங்கும் என்கிற பாதுகாப்பு வகை எண் மட்டுமே. அதே எண் 6 பின் கேபிளிலும் இருக்கும், 60 பின் கேபிளிலும் இருக்கும். கேட்க வேண்டியவை நான்கு: பின் எண்ணிக்கை, பின் இடைவெளி, மொத்த நீளம், முனைகளின் பக்கம்.

இடைவெளியைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கேபிளின் அகலத்தை அளந்து, பின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுத்தால் வந்துவிடும். 24 பின், 12.5 மி.மீ. அகலம் என்றால் 12.5-ஐ 25-ஆல் வகுக்க 0.5 மி.மீ. 20 பின், 21 மி.மீ. என்றால் 1 மி.மீ. பக்கம் என்பது, கேபிளை நீட்டி வைத்தால் இரண்டு முனையின் கம்பிகளும் ஒரே முகத்தில் தெரிகின்றனவா, எதிரெதிர் முகத்திலா என்பது. இது மாறினால் ஒரு முனை தொடாமல் போகும். எப்படியாவது பொருத்திவிடலாம் என்று முறுக்கிச் செருகினால் முதல் பின்னுக்குப் போக வேண்டியது கடைசிப் பின்னுக்குப் போய், சப்ளை வோல்டேஜ் சிக்னல் கம்பியில் ஏறும். அதோடு போர்டு முடிந்தது. சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இந்த நான்கு விவரத்தையும் சொன்னால் பெரும்பாலான அளவுகளைத் தேடி எடுத்துவிடலாம்.

மாற்றுக் கேபிள் கிடைக்காதபோது மட்டுமே ஒட்டுவேலை. நுனி மட்டும் கிழிந்திருந்து, கேபிளில் ஒரு சென்டிமீட்டர் தளர்வு இருந்தால், கூர்மையான பிளேடால் செங்கோணமாக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் கோணலாகத்தான் உட்காரும். தொடும் பக்கத்துத் தாளை மட்டும் நான்கு மி.மீ. நீளத்துக்குப் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி நீக்க வேண்டும். கம்பி முலாமோடு வெளிப்படும். அதன்மேல் மேலும் ஈயம் வைக்க வேண்டாம், மேடு பள்ளமாகி கனெக்டரின் பின்னை வளைத்துவிடும். பின்புறத்தில் பழைய நீலப் பட்டையை உரித்து ஒட்டி, நுனியின் மொத்தத் தடிமன் 0.3 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் பின்புறத்தில் மட்டும் கேப்டன் டேப் (சூடு தாங்கும் பாலிஇமைடு டேப்) ஒன்றிரண்டு அடுக்கு சேர்க்கலாம். லாக் முறிந்த கனெக்டருக்கும் இதே தந்திரம் தற்காலிகமாக உதவும். கேபிளுக்குப் பின்னால் மெல்லிய பாலியஸ்டர் தாள் ஒன்றைச் சொருகினால் பிடிமானம் கிடைக்கும்.

நடுவில் ஒரு கம்பி மட்டும் அறுந்திருந்தால் வெள்ளைக் கேபிளில் கை வைக்காமலேயே சரிசெய்யலாம், இதைப் பலர் யோசிப்பதில்லை. இந்தப் போர்டின் கனெக்டர் காலிலிருந்து அந்தப் போர்டின் கனெக்டர் காலுக்கு 0.1 அல்லது 0.2 மி.மீ. எனாமல் கம்பியை வெளியே ஓடவிட்டால் வேலை முடிந்தது. பட்டன், ரிமோட் சென்சார், எல்.இ.டி., கீபோர்டு போன்ற மெதுவான சிக்னல்களுக்கு இது பல ஆண்டுகள் தாங்கும். எல்.வி.டி.எஸ். ஜோடிக் கம்பிகளுக்கு மட்டும் இது ஆகாது. அவை 100 ஓம் இம்பிடன்ஸுக்காக (வேகமான சிக்னலுக்கான மின்தடுப்பு) அளந்து அமைக்கப்பட்டவை, தனிக் கம்பி போட்டால் படத்தில் இரைச்சல் வரும்.

வெள்ளைக் கேபிளின் மேலேயே சால்டர் செய்துதான் ஆக வேண்டும் என்றால் சூட்டின் கணக்கு தெரிய வேண்டும். பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகும், பசை அதற்கு வெகு முன்பே இளகும். 63 சதவீதம் தகரமும் 37 சதவீதம் ஈயமும் கலந்த 63/37 ஈயக்கம்பி 183 டிகிரியில் உருகும், பிஸ்மத் கலந்தது 138-லேயே உருகும். ஆகவே பிஸ்மத் வகையும் நல்ல பிளக்ஸும் (ஈயம் பிடிக்க உதவும் பசை) எடுத்து, இரு பக்கமும் கேப்டன் டேப்பால் அழுத்திப் பிடித்து, ஒரு நொடிக்கு மேல் அயனை வைக்காமல் செய்ய வேண்டும். பிஸ்மத் ஈயம் எளிதில் நொறுங்கக்கூடியது என்பதால் இணைப்பு வளையாத இடத்தில் இருக்க வேண்டும், மேலே டேப் போட்டு விறைப்பாக்க வேண்டும். பிரிண்டர் ஹெட்டோடு ஓடும் கேபிளில் இந்த ஒட்டு நிற்காது. அங்கே மாற்றுவது ஒன்றே வழி. அந்தக் கேபிளின் நுனியில் மை வழிந்திருந்தால் முற்றிலும் துடைத்து உலர்த்தாமல் செருகக் கூடாது. ஒரு துளி ஈர மை ஹெட்டையும் மெயின் போர்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும்.

பட்டன் பலகையின் வெள்ளிமைக் கோடு அறுந்தால் மின்கடத்தும் சில்வர் பெயின்ட் வேண்டும். கோட்டின் இரு ஓரமும் டேப் ஒட்டி, அறுந்த இடத்துக்கு இரு பக்கமும் ஐந்து மி.மீ. அளவுக்கு மூடும்படி மெல்லியதாக இரண்டு முறை பூசி, ஒரு நாள் உலரவிட்டு, மேலே டேப் போட்டு மூட வேண்டும். இந்தக் கோடுகள் நல்ல நிலையிலேயே பத்து, இருபது ஓம் காட்டும். "பீப்" ஒலி வரவில்லை என்பதற்காகக் கெட்டது என்று முடிவு கட்டாமல் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். பட்டன்கள் வரிசையும் நிரையுமாக இணைக்கப்பட்டவை. ஒரே வரிசையில் நான்கு பட்டன் செத்தால் அறுந்தது ஒரு கோடுதான்.

எல்லாம் முடிந்து செருகும்போது அவசரம் கூடாது. நுனி கனெக்டரின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று இரு ஓரங்களையும் பார்த்த பிறகே லாக்கை மூட வேண்டும். பவர் போடும் முன், பேனலுக்குப் போகும் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கோணலாகச் செருகியதால் டி-கான் ஃபியூஸ் போன டி.வி.க்களே "பேனல் போச்சு" என்ற தீர்ப்போடு சுற்றி வருகின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: டி.வி. திரையில் துடைக்கும் திரவத்தை நேரடியாகத் தெளிக்காதீர்கள். அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, கேபிளும் ஃபிலிமும் சேரும் இடத்தில் தங்குகிறது. துணியில் நனைத்துத் துடையுங்கள். கடையில் "கேபிள் மாற்றினோம்" என்றால் பழைய கேபிளைக் கேட்டு வாங்குங்கள். "போர்டு மாற்ற வேண்டும்" என்றால் கேபிளை அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் மின்னணுப் பொருட்களும் அதில் அடக்கம். புதிய மின்னணுக் கழிவு விதிகளும் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. இருந்தும் பல மாடல்களுக்குக் கேபிள் மட்டும் தனி உதிரிபாகமாகக் கிடைப்பதில்லை. பின் எண்ணிக்கை, இடைவெளி, நீளம், பக்கம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பட்டைக் கேபிளின்மேலும் அச்சடிக்கவும், சாதனத்தை விற்கும் காலம்வரையிலும் அதன் பிறகு சில ஆண்டுகளுக்கும் கேபிளைத் தனியாக விற்கவும் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று அத்துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டி.வி., பிரிண்டர் பழுதுபார்ப்போர் சிலர்,
சென்னை.