மேசை டிராயரில் மாரியோவை மறந்தவருக்கு

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் வெளியே வர வேண்டாம் என்று ஏலத்தின்போது கேட்டுக்கொண்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 1986 கடைசியில், கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்க ஒரு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீடியோ கேம் வாங்கினீர்கள். பிரிக்காமலே மேசை டிராயரில் போட்டீர்கள். மறந்துவிட்டீர்கள். 2021 ஏப்ரலில் டாலஸ் நகரின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் அது 6 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அதுவரை எந்த வீடியோ கேமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

நான் பிரிக்காத பழைய கேம்களைச் சேர்ப்பவன். என்னைப் போன்றவர்கள் அன்று அந்தத் தொகையைப் பற்றித்தான் பேசினோம். சில நாள் கழித்து தொகை மனதிலிருந்து போய்விட்டது, டிராயர் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

1986-இல் பிரிக்காமல் வைத்திருப்பதற்காக யார் கேம் வாங்கியிருப்பார்கள்? வாங்கியது விளையாடத்தான். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிளாஸ்டிக் உறையைக் கிழித்திருப்பார்கள். அட்டைப்பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். கோடிக்கணக்கான பிரதிகள் விற்ற கேம், பிரிக்காமல் கிடைப்பது அவ்வளவு அபூர்வமானது அதனால்தான். தப்பிப் பிழைத்தவை எல்லாம் ஏதோ ஒரு தற்செயலால் பிழைத்தவை. கடையின் பின்னறையில் ஒதுங்கியது, இரண்டு பேர் ஒரே பரிசைக் கொடுத்ததால் மிஞ்சியது, இல்லை உங்களுடையதைப் போல டிராயரில் கிடந்தது. அலமாரியில் அழகாக அடுக்கியிருந்தால்கூட வெளிச்சம் பட்டு நிறம் வெளுத்திருக்கும். டிராயர் இருட்டு அதைக் காப்பாற்றியது.

அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை நீங்கள் கவனித்தீர்களா? மேல்பகுதியில் அட்டையிலேயே துளைக்கோடு போட்ட ஒரு சிறிய நாக்கு இருக்கும். கடைக்காரர் அதை வெளியே இழுத்துவிட்டுக் கொக்கியில் மாட்டுவார். கேமைத் தயாரித்த நிண்டெண்டோ நிறுவனம் முதலில் பெட்டிகளைச் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டித்தான் மூடியது. பிறகுதான் சுருங்கும் பிளாஸ்டிக் உறைக்கு மாறியது. உறை வந்த பிறகு உள்ளே இருக்கும் நாக்கை இழுக்க வழியில்லை. ஆனாலும் கொஞ்ச காலம் பழைய அட்டையே அச்சாகிக்கொண்டிருந்தது. உறையும் உண்டு, உபயோகமில்லாத நாக்கும் உண்டு. அந்தக் குறுகிய இடைவெளியில் பிறந்தது உங்கள் பிரதி. ஒரு தொழிற்சாலை பழக்கம் மாறிக்கொண்டிருந்த நேரத்தை அந்த அட்டைத்துண்டு அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அதைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

பழைய கேம்களின் தரத்தை மதிப்பிடும் வாட்டா நிறுவனம் அதற்கு 9.6 ஏ பிளஸ் கொடுத்தது. எண் பெட்டிக்கு, 10-க்கு எவ்வளவு என்று. எழுத்து உறைக்கு. மதிப்பிட்டு முடித்ததும் கெட்டியான ஒளிபுகும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். இந்த வேலை தேவைதான், நானும் அதை நம்பித்தான் வாங்குகிறேன். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் சொல்கிறேன்.

சேர்க்கத் தொடங்கிய புதிதில், மதிப்பீடு செய்யாத ஒரு நிண்டெண்டோ கேமை ஒருவரிடம் வாங்கினேன். உறை பளபளவென்று இருந்தது. நான் பார்த்திருக்க வேண்டியது பின்பக்கம். தொழிற்சாலை உறையில் அங்கே ‘எச்’ எழுத்து வடிவத்தில் ஒட்டு ஓடும். என்னிடம் வந்ததில் பின்பக்கம் வழுவழுவென்று இருந்தது, ஒட்டு முழுக்கப் பெட்டியின் ஓரங்களில்தான். யாரோ பழைய பெட்டிக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள். மதிப்பீட்டுக்கு அனுப்பி வைத்த இடத்திலிருந்து ‘மறு உறை’ என்று திரும்பி வந்தது. பணம் போனதைவிட, அந்தப் பெட்டியைப் பல இரவுகள் ஆசையாகக் கையில் வைத்துப் பார்த்திருந்தேன் என்பதுதான் அதிகம் வலித்தது.

அப்போதிருந்து யார் வாங்கினார்கள், எங்கே இருந்தது, எப்படி வெளியே வந்தது என்று கேட்காமல் எதையும் ஏலம் கேட்பதில்லை. உங்கள் பிரதிக்கு அந்தக் கதை ஒரே வரியில் முடிகிறது. ஒரு கை, ஒரு டிராயர், 35 ஆண்டு. அதைவிட நல்ல சான்றிதழை நான் பார்த்ததில்லை.

உங்கள் சாதனை நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர், இரண்டே நாளில் ‘சூப்பர் மாரியோ 64’ 15 லட்சத்து 60 ஆயிரம். பிறகு சந்தை அடங்கியது. அடங்கியது நல்லதே, விலைப் பட்டியல் மட்டும் பார்த்தவர்கள் பலர் நகர்ந்துவிட்டார்கள்.

விளையாடாத கேமால் என்ன பயன் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மாரியோவை விளையாட இன்று எத்தனையோ வழி இருக்கிறது. அந்த அட்டை, அந்த உறை, அந்த மடிப்பு மட்டும் வேறெங்கும் இல்லை. அதுவும் நிலையாக இருக்கப் போவதில்லை. உறை வருடா வருடம் இறுகிப் பெட்டியின் முனைகளை நசுக்கும். செல்டா கேம் பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி, யாரும் தொடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். இருக்கும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏலக் குறிப்பில் பரிசு என்று இருந்தது, யாருக்கு என்று இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? பிறகு எப்போதாவது, வேறொருவர் வீட்டில், வேறொரு பிரதியில், அவர் அந்த முதல் கட்டத்தை ஓடித் தாண்டினாரா?

அன்புடன்,
உங்கள் பிரதியைப் படத்தில் மட்டும் பார்த்த ஒருவன்