நம்ம பக்கம் இல்லை

ஈசூன், சிங்கப்பூர்
21 ஜூன் 2020, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய தந்தையர் தின வாழ்த்து காலையில் கிடைத்தது. படத்தில் இருந்த மீசைக்காரர் யார் என்று அம்மா கேட்கிறாள்.

கடிதமா என்று சிரிக்காதே. தபாலை நம்பிப் பயனில்லை என்பதால், எழுதி முடித்ததும் அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் அம்மா பின்னாலிருந்து வேறொன்று கேட்பாள், நீ அவளுக்குப் பதில் சொல்வாய், என் பேச்சு பாதியில் நின்றுவிடும். இது பாதியில் நிற்கக்கூடாத விஷயம்.

வெள்ளிக்கிழமையோடு இங்கே கொரோனாத் தளர்வின் இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டது. கடைகள் திறந்தாயிற்று. மேசைக்கு 5 பேர் வரை உட்கார்ந்து சாப்பிடலாம், வீட்டுக்கு 5 பேர் வரை வரலாம். அன்று காலை ஏழரைக்கே நம் சோங் பாங் தோசைக் கடைக்குப் போய்விட்டேன். வாசலில் கியூஆர் குறியீட்டைப் படம் பிடிக்கச் சொன்னார்கள், நெற்றியில் சூடு பார்த்தார்கள். மேசைகளில் ஒட்டியிருந்த நாடாவைப் பிய்த்துவிட்டார்கள், பசை மட்டும் மிச்சம். முழங்கையை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு தோசை, ஒரு தே தாரிக். பத்து வாரத்துக்குப் பிறகு தட்டில் தோசை. பொட்டலத்தில் கட்டி வீட்டுக்கு வருவது தோசையே இல்லை பாப்பா, வியர்த்துப்போன துணி. அப்புறம் படம் எடுத்து உனக்கும் அண்ணனுக்கும் அனுப்பினேன். மூன்றாவதாக இன்னொருவனுக்கு அனுப்ப விரல் போனது. அனுப்பவில்லை. அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் காலண்டர் பழக்கம் உனக்குத் தெரியும். மளிகைக் கடையில் கொடுக்கிற, தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். கிழித்த தாளைப் போடாமல் அதன் பின்பக்கம் செலவுக் கணக்கு எழுதுவேனே, இந்த வருடம் அது கிருமிக் கணக்கு ஆகிவிட்டது. ஜனவரி 23 தாளின் பின்னால் ‘1’ என்று இருக்கிறது. வூஹானிலிருந்து வந்த 66 வயதுக்காரர். அப்போதெல்லாம் சுகாதார அமைச்சு ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, வயது என்ன, எங்கெங்கே போனார், யாரோடு தொடர்பு என்று விவரமாக வெளியிடும். நான் அதை வம்சாவளி வரைவது போல வரைந்து வைத்தேன். பிப்ரவரியில் இரண்டு தேவாலயங்களில் தனித்தனியாகத் தொற்று. இரண்டுக்கும் நடுவே என் படத்தில் ஒரு கேள்விக்குறி. மாதக் கடைசியில் விடை வந்தது: சீனப் புத்தாண்டு விருந்து ஒன்று. ஒரு தம்பதியின் ரத்தத்தை டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியில் சோதித்து, அதிலிருந்த எதிர்ப்பொருளை வைத்து, அவர்களுக்கு முன்பே தொற்று வந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நான் கேள்விக்குறியை அடித்துவிட்டுக் கோடு போட்டேன். ஏதோ நானே துப்புத் துலக்கியது போல ஒரு பெருமை. 35 வருடம் கப்பல் பட்டறை ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணியவனுக்குக் கணக்கு ஒத்துப்போனால் போதும், அன்றைக்குச் சாப்பாடு கூட இரண்டு கவளம் இறங்கும்.

மார்ச் கடைசியில் கோடு போடுவதை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு 50, 70 என்று வந்தால் யாருக்கு யார் என்று எங்கே வரைவது? ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் லீ தொலைக்காட்சியில் வந்து, 7ஆம் தேதியிலிருந்து எல்லாம் மூடல் என்றார். செய்தியில் அதற்கு முழ நீளத்துக்குத் தமிழ்ப் பெயர் சொன்னார்கள். நம் புளோக்கில் எல்லோருக்கும் அது சர்க்கிட் பிரேக்கர்தான்.

சந்தைக் கூத்தை உனக்குச் சொன்னேனா? ஏப்ரல் 22இலிருந்து சோங் பாங் ஈரச்சந்தைக்கு அடையாள அட்டை (ஐசி) நம்பரின் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படைக்காரர், இரட்டைப்படைத் தேதியில் மற்றவர். எனக்கு ஒற்றை, அம்மாவுக்கு இரட்டை. 40 வருடத்தில் முதல் தடவையாக நான் தனியாக மீன் வாங்கினேன். ‘செவுளைத் தூக்கிப் பார்த்தீங்களா?’ என்றாள். பார்த்தேன் என்றேன். ‘பார்த்துமா இதை வாங்கினீங்க?’ என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒற்றைப்படைத் தேதியெல்லாம் சாம்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 20, திங்கட்கிழமை. அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. முன்பக்கம் ராகு காலம் 7.30 – 9 என்று அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் நான் அழுத்தி எழுதிய 1,426, மெல்லிய தாள் ஆனதால் அதன் மேல் இடவலம் மாறித் தெரிகிறது. 1,426க்குக் கீழே சின்னதாக 16, சுற்றி ஒரு வட்டம். அன்றைக்குத் தொற்றியவர்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். ‘அப்பா, லண்டன் செய்தியிலேயே சொல்றாங்க, ஒரே நாள்ல 1,400ஆ?’ என்று பதறினாய்.

நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. ‘அது விடுதியிலம்மா. நம்ம பக்கம் இல்லை. நம்ம பக்கம் 16தான்.’

நீ பெருமூச்சு விட்டது கேட்டது. நானும் விட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் நீ ‘இன்னைக்கு எத்தனைப்பா?’ என்று கேட்டபோதெல்லாம் வட்டம் போட்ட எண்ணைத்தான் சொன்னேன்.

பட்டறையில் சரக்குக் குறைந்தால் எல்லோரும் முதலில் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. ‘என் ஸ்டோர் இல்லை சார், அது ரெண்டாம் நம்பர் ஸ்டோர்.’ சொல்லிவிட்டால் நம் பேரேடு சுத்தம்.

அமைச்சும் இரண்டாகப் பிரித்துத்தானே கொடுத்தது என்பாய். பிரித்ததில் தப்பில்லை. ஒரே அறையில் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுத்து, ஒரே குளியலறையில் வரிசை நிற்கிற இடத்தில் கிருமி ஓடுகிற ஓட்டம் வேறு, நம் புளோக்கில் ஓடுவது வேறு. அதைத் துரத்துகிறவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும். விடுதிகளில் இருப்பவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்குத் தனித் திட்டம் வேண்டாமா? ஆனால் அது வேலை செய்கிறவர்களுக்கான கணக்கு. நான் அதை என் தூக்கத்துக்கான கணக்காக்கிக்கொண்டேன்.

போன தீபாவளிக்கு நீ வந்துவிட்டுக் கிளம்பிய அன்று லிஃப்ட் பழுதாகி, உன் இரண்டு பெட்டிகளையும் ஒன்பதாம் மாடியிலிருந்து தோளில் வைத்து இறக்கினானே, அறந்தாங்கித் தம்பி, நினைவிருக்கிறதா? கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது பழக்கமானவன். காசு கொடுத்தாய், வாங்கவில்லை. ‘அக்கா, லண்டன்ல குளிருமா?’ என்று மட்டும் கேட்டான்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் இரவு அவன் கூப்பிட்டான். ‘ஐயா, நேத்துக் கணக்குல நானும் ஒருத்தன்’ என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

எந்தத் தேதி என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. 28 என்றான். போனைக் காதில் வைத்தபடியே, கிழித்த தாள்களைப் போட்டுவைக்கிற டின்னைத் திறந்து தாளைத் தேடி எடுத்தேன். 528 என்று இருந்தது. கீழே வட்டத்துக்குள் இருந்த எண்ணில் அவன் இல்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘உங்க அப்பாவும் நேவல் பேஸ் தொழிலாளர் லைன்ல பத்துப் பேரோட ஒரே ரூம்ல படுத்தவர்தானே’ என்றாள். அவ்வளவுதான். பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

தம்பியை எக்ஸ்போ அரங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். சின்ன வயதில் புத்தக விற்பனைக்குப் போய்த் தொலைந்து அழுதாயே, அதே எக்ஸ்போ. தட்டி வைத்துத் தடுத்த கட்டில்கள், இரவெல்லாம் அணையாத விளக்கு, அவனுக்குப் பெரிதாக ஜுரம்கூட இல்லை. குணமானவர்களில் சிலரைச் சொகுசுக் கப்பலில் தங்கவைத்தார்கள் அல்லவா, ‘எனக்குக் கப்பல் கிடைக்கலைய்யா’ என்று அதில் ஒரு ஆதங்கம். இப்போது திரும்ப விடுதி, கிராஞ்சிப் பக்கம். வேலை இல்லை, வெளியே போகவும் முடியாது. சாப்பாடு பொட்டலத்தில் வருகிறது. ஆரம்பத்தில் ஆறி அவலாக வந்ததாம், காரம் என்பதே கிடையாதாம். அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். போன வாரம் கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காவலாளி கையுறையோடு வாங்கி, பாட்டிலின் மேல் அறை எண்ணை எழுதிக்கொண்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாலாம் மாடியில் யாரோ கையை ஆட்டினார்கள். அவனா என்று தெரியவில்லை. நானும் ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 2ஆம் தேதி முதல் கட்டம் தொடங்கியபோது பெற்றோர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேர் வரலாம் என்றார்கள். அண்ணனும் பேரனும் செங்காங்கிலிருந்து வந்தார்கள், அண்ணி கணக்குக்கு வெளியே. வாசலிலேயே நின்று ‘தாத்தா, ஒரு மீட்டரா?’ என்று கேட்டான் பயல். அம்மா மீட்டரையெல்லாம் பார்க்கவில்லை.

இன்று காலை லிட்டில் இந்தியா, நம் தேக்கா போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது என்று நீ எத்தனை முறை முகம் சுளித்திருக்கிறாய். நானும்தான், ஞாயிறு என்றால் அந்தப் பக்கமே போக மாட்டேன். இன்று தாராளமாக நடந்தேன். கடைகள் திறந்திருக்கின்றன, மல்லிகை வந்திருக்கிறது, குடும்பங்கள் ஐந்தைந்து பேராக வருகிறார்கள். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம், ஞாயிறுதோறும் விடுதித் தம்பிகள் கூடுகிற திடலில் ஒரு ஆள் இல்லை. ‘கடையைத் திறந்தாச்சுண்ணே, ஞாயித்துக்கிழமைதான் இன்னும் வரலை’ என்றார் பூக்கடைக்காரர்.

சாயங்காலம் சூரிய கிரகணம் வேறு. அடுப்புப் பற்றவைக்க மாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் தம்பி கூப்பிட்டான். ‘எல்லாம் திறந்துட்டாங்களாமே ஐயா?’ என்றான். ‘கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கறாங்கப்பா’ என்றேன். பொய் இல்லை. உனக்கு 16 என்று சொன்னதும் பொய் இல்லை.

மொத்தம் 42,000ஐத் தாண்டிவிட்டது பாப்பா. இறந்தவர்கள் 30 பேர்கூட இல்லை. அங்கே பிரிட்டனில் இந்த மாத ஆரம்பத்திலேயே அது 40,000ஐத் தாண்டியதைப் பார்த்து நானும் அம்மாவும் பயந்து கிடந்தோம். அந்தப் பயத்தில்தான் உனக்கு இங்கிருந்து நல்ல செய்தியாகவே சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இனி நீ கேட்டால் இரண்டு எண்ணையும் சொல்வேன். பெரியதை முதலில்.

இப்போது ஒரு உதவி. தம்பியின் போன் திரை உடைந்து மேல் பாதி கறுத்துவிட்டது. ஊரிலிருக்கும் அவன் அம்மாவோடு வீடியோவில் பேசினால் அவர் முகம் மூக்குக்குக் கீழேதான் தெரிகிறதாம். உன் பழைய போன் அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதைக் கொடுக்கலாமா? உன் படங்கள் இருக்கும், கேட்காமல் கொடுக்க மனமில்லை. பூட்டைத் திறக்க எண் கேட்கிறது. உன் பிறந்த தேதியைப் போட்டேன், அண்ணனுடையதைப் போட்டேன், என்னுடையதைக்கூடப் போட்டுப் பார்த்தேன். இல்லை. இனித் தப்பாகப் போட்டால் ஒரு மணி நேரம் பொறு என்கிறது. எண்ணை அனுப்பு. சார்ஜர் எங்கே வைத்தாய் என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா

சார்ஜர் கிடைத்துவிட்டது. தையல் பெட்டியில் இருந்தது. — அம்மா