சீல் போட்டுக் கொடுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். உத்தரவு வந்துவிட்டது. எங்கள் தொழில் சங்கத்தின் மீது விசாரணை நடத்தச் சொல்லி, வியாபாரத்தில் போட்டியைத் தடுப்பவர்களைக் கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், தன் விசாரணைப் பிரிவின் தலைமை இயக்குநருக்கு உத்தரவு போட்டிருக்கிறது. இறுதித் தீர்ப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது, தெரியும். ஆனாலும் டெல்லியிலிருந்து வக்கீல் போன் செய்ததும் பசங்க எல்லோரும் லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள், எனக்குப் பேச்சே வரவில்லை. சங்கம் எங்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை, சேராத எங்களுக்குச் சரக்கும் வேலையும் கிடைக்காமல் செய்தது; பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் தொழில் செய்கிற உங்களுக்கு மீதி தெரியும், அதை மறுபடி எழுதவில்லை. நன்றி மட்டும் சொல்ல வேண்டும், முதலில் ஒருவருக்கு.

சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அண்ணன் அவர். இப்போது ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். எழுதுகிறேன் என்று சொன்னபோது பேர் மட்டும் வேண்டாம் என்றார். உறுப்பினர் விண்ணப்பத்தோடு எப்போது போனாலும் அங்கே "வச்சுட்டுப் போங்க" என்பார்கள், வாங்கியதற்கு ஒரு கையெழுத்துகூடத் தர மாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான் வைத்துவிட்டு இறங்கினேன். பின்னாலேயே படியில் வந்து, "தம்பி, நகல் வச்சிருக்கீங்களா?" என்று தமிழில் கேட்டார். வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் சீல் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, இணைப்பு எத்தனை பக்கம் என்பதைக்கூட ஓரத்தில் குறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "தபால் வாங்கினா சீல் போடறது என் வேலை. பத்திரமா வச்சுக்கங்க."

அதை ஃபைலில் போட்டு மறந்தே போனேன். பிறகு, நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்று சங்கம் எழுத்தில் சொன்னபோது எங்கள் கையில் இருந்த ஒரே பதில் அந்தத் தாள்தான். அவர் எந்தக் கோப்பையும் திருடித் தரவில்லை, எந்த ரகசியமும் சொல்லவில்லை. தன் வேலையைச் செய்தார், அந்த அலுவலகத்தில் மற்ற யாரும் எனக்காகச் செய்யத் துணியாத வேலையை. உங்களுக்குப் பிரச்சினை வந்ததா அண்ணா என்று கேட்டேன். "கேட்டாங்க, என் வேலையைத்தானே செஞ்சேன்னு சொன்னேன்" என்றார். அண்ணா, எங்கள் பட்டறை இன்று திறந்திருக்கிறதென்றால் அதில் உங்கள் பங்கு பெரியது.

அப்புறம் மற்றவர்கள். நாங்கள் செய்யும் பித்தளை கேபிள் கிளாண்டுக்கு (மின்பெட்டிக்குள் நுழையும் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நிக்கல் முலாம் போடக்கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பிறகும் ராத்திரி ஷிஃப்டில் போட்டுக் கொடுத்த பிளேட்டிங்காரர், கடனுக்குப் பித்தளைக் கம்பி இறக்கியவர், சம்பளம் தள்ளிப்போன மாதங்களிலும் போகாமல் நின்ற பசங்க, எல்லோருக்கும் கை கூப்பி நன்றி. வக்கீல் அம்மாவுக்குத் தனியாக. கர்நாடக மருந்து வணிகர் சங்கம் மீது பெங்களூரு விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த புகாரில் 2016-ல் ஆணையம் தந்த உத்தரவை முதல் நாளே எடுத்துக் காட்டியவர் அவர்தான். சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் சரக்குக் கிடைக்காது என்பதுதான் அங்கேயும் விவகாரம். படித்தபோது எங்கள் கதையையே யாரோ முன்னால் எழுதி வைத்தது போல இருந்தது.

சங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரண்டுக்கும் ரோட்டுக்கும் கேட்க எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குச் சங்கம் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர் இரண்டு பேர் கைகாட்டினால்தான் புதியவர் நுழையலாம், நுழையாதவனுக்குச் சரக்கு கிடையாது என்றால் அது சங்கமில்லை, வேலி. நாளை எங்களைச் சேர்த்துக்கொண்டால் நான் கொடுக்கும் முதல் தீர்மானம் அந்த விதியை எடுக்கச் சொல்லித்தான் இருக்கும். இதை இங்கேயே எழுதி வைக்கிறேன், மாறினால் கேளுங்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் பட்டறைக்கு வாருங்கள். போட்டிச் சட்டம் 2002-ன் 19ஆம் பிரிவில் யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். எப்படி எழுதுவது என்று எங்கள் மனுவையே காட்டுகிறேன். வரும்போது சர்க்குலர், வாட்ஸாப் செய்தி, ரத்தான ஆர்டர் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். சங்கத்துக்குக் கடிதம் கொடுப்பதாக இருந்தால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.